கடற்பஞ்சிலிருந்து ஒரு மருந்து

கடலுக்கடியில் பாறையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடப்பது கடற்பஞ்சு. பார்ப்பவர்கள் அதைச் செடி என்றே நினைப்பார்கள். ஆனால் அது விலங்கினத்தைச் சேர்ந்தது. அதற்கு மூளையும் கிடையாது, இதயமும் கிடையாது. உடல் முழுக்க நுண்துளைகள். அவற்றின் வழியே கடல்நீரை இழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்டு வாழ்கிறது. இன்று மருத்துவமனைகளில் இரத்தப் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தரப்படும் இரண்டு மருந்துகள் இந்த எளிய உயிரிடமிருந்து தொடங்கியவை.

கடற்பஞ்சில் மருந்து எப்படி வந்தது? எதிரி வந்தால் அதனால் ஓட முடியாது. கடிக்கப் பல்லும் இல்லை, ஒளிந்துகொள்ள ஓடும் இல்லை. அதனால் இரசாயனங்களே அதற்குப் பாதுகாப்பு. மீன்கள் தின்னாமலும், பக்கத்தில் வளரும் உயிர்கள் தன்மேல் படராமலும் அவை காக்கின்றன. அவற்றில் சிலவற்றை அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்களே தயாரிக்கின்றன. இன்னோர் உயிரின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள், கட்டுமீறி வளரும் புற்றுநோய் உயிரணுவையும் தடுக்கக்கூடும் அல்லவா? ஆய்வாளர்கள் கடலில் தேடுவதற்கு இதுவே காரணம்.

1945இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில் எடுக்கப்பட்ட ஒரு கடற்பஞ்சை வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர் ஆராய்ந்தார். மரபணுவைக் கட்டும் மூலப்பொருள்களைப் போலவே, ஆனால் சர்க்கரைப் பகுதியில் மட்டும் மாறுபட்ட பொருள்கள் அதில் இருந்தன. அந்த அமைப்பைப் பின்பற்றி உருவானது சைட்டரபின். புற்றுநோய் உயிரணு இதைச் சரியான செங்கல் என்று நம்பி எடுத்து அடுக்குகிறது. சுவர் அத்துடன் நின்றுவிடுகிறது. 1969இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, இரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இன்றும் முக்கிய இடம் வகிக்கிறது.

இரண்டாவது மருந்துக்கு வழி அத்தனை எளிதாக அமையவில்லை. ஜப்பானியக் கடற்பஞ்சு ஒன்றில் ஹாலிகாண்ட்ரின் பி என்ற பொருளைக் கண்டதாக 1986இல் ஹிராத்தா, உவெமுரா என்ற இரு ஆய்வாளர்கள் அறிவித்தனர். புற்றுநோய் உயிரணுக்களை அழிப்பதில் அது மிகுந்த ஆற்றல் காட்டியது. ஆனால் 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து கிடைத்ததோ 12.5 மில்லிகிராம், ஓர் அரிசி மணியின் எடைகூட இல்லை. உலகெங்கும் உள்ள நோயாளிகளுக்கு இந்தக் கணக்கில் மருந்து எடுத்தால் கடலில் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள்.

விடை ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. 1992இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் யொஷித்தோ கிஷியின் குழு அந்தப் பொருளைச் செயற்கையாகவே உருவாக்கியது. அதன் ஒரு பகுதி மட்டும் இருந்தாலே போதும் என்பதும் தெரியவந்தது. ஐசாய் நிறுவனம் அதிலிருந்து எரிபுலினைத் தயாரித்தது. அறுபதுக்கும் மேற்பட்ட படிகளில் உருவாகும் இம்மருந்துக்கு, பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய்க்காக 2010இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. மருத்துவ ஆய்வில் நோயாளிகளின் இடைநிலை ஆயுட்காலம் 10.6 மாதத்திலிருந்து 13.1 மாதமாக உயர்ந்தது. நோய் முற்றாகத் தீரவில்லை. ஆயினும் பிள்ளைகளோடு இருக்கும் ஒரு தாய்க்கு இரண்டரை மாதம் சிறிதல்ல.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. கடலில் கிடைக்கும் கடற்பஞ்சை அரைத்துக் குடிப்பது மருந்தாகாது. பல கடற்பஞ்சுகள் நஞ்சுள்ளவை. பல்லாண்டுச் சோதனைக்குப் பிறகே ஒரு பொருள் மருந்து என்ற பெயரைப் பெறுகிறது.

அந்தச் சோதனைக்குக் கடற்பஞ்சு முதலில் உயிரோடு இருக்க வேண்டும். இதற்குச் சிங்கப்பூர்க் கடலிலேயே ஒரு பாடம் உண்டு. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்துதான் 'நெப்டியூன் கோப்பை' என்னும் பெரிய கடற்பஞ்சு உலகுக்கு அறிமுகமானது. அதன் அழகுக்காகவே அளவின்றி அள்ளிச் சென்றார்கள். அது அழிந்துவிட்டது என்றே பல காலம் எண்ணினர். 2011இல் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு அருகே மீண்டும் உயிரோடு தென்பட்டது.

எல்லா உயிருக்கும் இந்த மறுவாய்ப்பு கிடைக்காது. உலகில் 9,000க்கும் அதிகமான கடற்பஞ்சு வகைகள் பெயரிடப்பட்டுள்ளன. அவற்றில் எது நாளை எந்த நோய்க்கு வழிகாட்டும் என்பதை இன்று எவராலும் சொல்ல முடியாது. கடலில் குப்பை கொட்டும்போதும், பவளப்பாறைகளைச் சிதைக்கும்போதும், திறந்தே பார்க்காத ஒரு மருந்துப் பெட்டியைத் தூக்கி எறிகிறோம் என்ற எண்ணம் நமக்கு வர வேண்டும்.