கரையில் நடும் ஏரியல்

பருத்தித்துறைக் கடலில் இயந்திரம் பழுதுற்ற படகு, வீ.எச்.எப். கருவியின் 16ஆம் அலைவரிசையிலே அபாயக் குரல் விடுக்கும். அது கரைக்கு எட்டுவது பெரும்பாலும் கரை ஏரியலின் உயரத்தைப் பொறுத்தது. கருவியின் வலுவை மட்டும் நம்பிப் பயனில்லை. இவ்வலை ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வது. குடாநாட்டிலோ ஏறி நிற்க மலையில்லை. படகின் ஏரியல் 4 மீற்றர், கரையினது 9 மீற்றர் உயரமாயின் எட்டுந் தூரம் 20 கிலோமீற்றரளவு. கரையினதை 16 மீற்றராக உயர்த்தின் 25.

பனையிற் கட்டிவிடலாமே என்பர் சிலர். காற்றில் ஆடுவதும் இடியை ஏற்பதும் அம்மரந்தானே! இரும்புக் குழாய்க் கம்பமே தகும். அதன் உச்சியில் ஏரியல், படகிலுள்ளதைப் போலவே செங்குத்தாக நிற்றல் வேண்டும். இறங்கும் கேபிள் தடித்ததாயும் நீளங் குறைந்ததாயும் இருத்தல் நன்று. பொருத்துகளில் உப்புக்காற்றுப் புகாவண்ணம் இறப்பர் நாடா சுற்றுக.

நிலத்தொடுப்பே இங்கு தொல்லை. சிறிது தோண்டியதும் சுண்ணக்கல் தட்டும். ஆதலின், கம்பத்தையே கிணற்றடி ஈரமண்ணருகில் நட்டு, செப்புக் கோலை அங்கு ஆழ இறக்கி, ஐப்பசி இடிமழைக்கு முன்னரே இரண்டையும் இணைத்துவிடுதல் வேண்டும்.