தேய்ப்பு இயந்திரம் வாங்குமுன்

பால் வற்றிய ரப்பர் மரம் ஒரு காலத்தில் விறகுக்குத்தான் போயிற்று. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரங்களை மறுநடவுக்காகச் சாய்த்தபின், அவை புகைக்கூடத்து அடுப்பிலும் செங்கற் சூளையிலும் எரிந்து சாம்பலாயின. வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும், வண்டும் துளைத்துவிடும் என்பதால் தச்சர்கள் அம்மரத்தைத் தொடவே தயங்கினர். கெப்போங் வன ஆய்வு நிலையம் போன்ற இடங்களில் நடைபெற்ற ஆய்வுகள் இந்நிலையை மாற்றின. மரத்தை உடனடியாகப் பலகையாக அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்துடன் ஏற்றி, சூட்டறையில் உலர்த்தினால் அது நெடுங்காலம் உழைக்கும் என்பது தெளிவாயிற்று. 1980ஆம் ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியத் தளவாட ஏற்றுமதியின் முதுகெலும்பாக விளங்கியது இந்த ரப்பர் மரமே. ஜொகூர் மாநிலத்து மூவார் வட்டாரம் தளவாடத் தொழிலுக்குப் பெயர் பெற்றதும் இதனால்தான்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இத்தொழிலில் இறங்கியுள்ளனர். அவர்களுள் சிலர் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் வேலை கற்றபின், சொந்தமாக ஒரு தச்சுப் பட்டறை வைக்க முயல்கின்றனர். அத்தகைய ஒரு பட்டறையை நாம் அண்மையில் பார்வையிட்டோம். சகோதரர் இருவர் நடத்தும் பட்டறை அது. அவர்களுடைய தந்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். ஓய்வு பெற்றபோது ஊழியர் சேமநிதியிலிருந்து கிடைத்த தொகையில் ஒரு பகுதியை அவர் தம் மக்களிடம் கொடுத்திருந்தார். அப்பணத்தில் வாங்கிய முதல் பெரிய இயந்திரம் ஒரு மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அதன் மோட்டார் மூன்றே மாதத்தில் கருகிப் போயிற்றாம். ஏன் கருகியது என்பதை அவர்களுக்கு விற்றவரும் சொல்லவில்லை. வாங்கிய அவர்களுக்கும் அப்போது தெரியவில்லை. இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது அந்தச் சாக்கு மூடிய இயந்திரமே.

அது ஸ்பிண்டில் சாண்டர் எனப்படும் தேய்ப்பு இயந்திரம். இரும்பு மேசையின் நடுவே ஒரு துளை. அத்துளையின் வழியாக நெட்டுக்குத்தாக மேலெழும் ஒரு தண்டு. அத்தண்டின் மேல் உப்புத்தாளினால் ஆன குழல். மோட்டார் தண்டைச் சுழற்றும்போது, தச்சர் மரத்தை மேசைமீது கிடத்தித் தண்டின் மேல் மெல்ல அணைக்கிறார். நாற்காலி முதுகின் வளைவு, தொட்டிலின் விளிம்பு, தட்டின் கைப்பிடித் துளை போன்ற உட்குழிந்த பகுதிகளை மழமழப்பாக்குவதற்கு ஏற்ற கருவி இதுவே. நேரான விளிம்புகளுக்கும் வெளியே புடைத்த வளைவுகளுக்கும் வட்டத் தட்டுச் சாண்டரும் பட்டைச் சாண்டரும் போதும். ஆகவே, நேர்க்கால் மேசைகளையும் அலமாரிகளையும் மட்டும் செய்கின்றவர்கள் இவ்வியந்திரத்திற்குப் பணம் போட வேண்டியதில்லை என்பதே நம் கருத்து.

தேவை உண்டு என்று முடிவாயின், அடுத்த கேள்வி மேசைமேல் வைக்கும் சிறியதா, தரையில் நிற்கும் பெரியதா என்பது. சிறியவற்றில் தாள்குழலின் உயரம் பெரும்பாலும் 115 மில்லிமீட்டர் அளவே. நிலையாக நிற்கும் பெரியவற்றில் 230 மில்லிமீட்டர் வரை உண்டு. இந்த வேற்றுமை பார்ப்பதற்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால், 25 மில்லிமீட்டர் கனமுள்ள நாற்காலி முதுகுத் துண்டுகள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பிணைத்து ஒரே தடவையில் தேய்க்க வேண்டுமானால், பெரிய இயந்திரத்தில்தான் அது வசதியாக நடக்கும். நான்கும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றுபோலவே இருக்கும். நூறு நாற்காலிக்கு ஆர்டர் வாங்கியவர்களுக்கு அந்த அருமை விளங்கும். தவிரவும் பெரியவை நூறு கிலோவுக்கும் மேல் எடையுள்ளவை. ஆதலால் அதிர்வு குறைவு, மேசை அகலமானது, நாள் முழுதும் ஓடினாலும் தளராது. ஓய்வு நேரத்தில் ஓரிரு பொம்மைகள் செய்கின்றவருக்கோ சிறியதே தாராளம்.

இனி, மின்சாரத்திற்கு வருவோம். சகோதரர் இருவரின் பணத்தைத் தின்றது இதுதான். நம் நாட்டு வீடுகளுக்கு வரும் ஒருமுனை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அளவுடையது. அமெரிக்காவிலும் தைவானிலும் புழங்குவது 60 ஹெர்ட்ஸ். அந்நாட்டுப் பயன்பாட்டுக்கென்று செய்த பழைய இயந்திரங்கள் மலிவாக இங்கே வந்து விற்பனையாவதுண்டு. 'வோல்ட் அளவு சரியாக இருக்கிறது, போதும்' என்று நம்பி வாங்கிவிட்டால் வந்தது வினை. 60 ஹெர்ட்ஸுக்கென்று மட்டும் செய்த மோட்டாரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுழலும். வேகம் குறைவதுகூடப் பெரிதன்று. மோட்டாரின் கம்பிச் சுருள்களில் தேவைக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்து சூடேறும். அதே வேளையில், சூட்டைத் தணிக்க வேண்டிய விசிறியும் மெதுவாகச் சுற்றும். இவ்விரண்டும் சேர்ந்தால் கம்பிச் சுருள் கருகுவதற்கு அதிக நாள் பிடிக்காது. மோட்டாரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறிய உலோகத் தகட்டில் வோல்ட், ஹெர்ட்ஸ், ஆம்பியர், ஒருமுனையா மும்முனையா என்பவை யாவும் பொறிக்கப்பட்டிருக்கும். பணத்தை நீட்டுமுன் அந்தத் தகட்டைத் துடைத்துவிட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். தகடு இல்லாத இயந்திரத்தை, எவ்வளவு மலிவாயினும், நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

மும்முனை மின்சாரத்தில் ஓடும் மோட்டார்கள் சீராகவும் உறுதியாகவும் உழைப்பவை என்பது உண்மையே. எனினும் சிறு பட்டறைகளுக்கு மும்முனை இணைப்பு இருப்பதில்லை. புதிதாகப் பெறுவதும் செலவு மிக்கது. ஒருமுனையில் ஓடும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆனால் மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைவிடப் பன்மடங்கு மின்சாரம் இழுக்கும். தூசி உறிஞ்சும் இயந்திரமும் உடன் ஓட வேண்டியிருப்பதால், இரண்டையும் ஒரே பிளக்கில் மாட்டுவது தகாது. கம்பி இழுக்கும் வேலையைப் பதிவு பெற்ற மின் ஊழியரிடமே ஒப்படைக்க வேண்டும்.

தண்டு சுழன்றால் மட்டும் போதாது. சுழன்றுகொண்டே மேலும் கீழும் ஏறி இறங்கவும் வேண்டும். நிமிடத்திற்கு அறுபது தடவையளவில், ஓர் அங்குலமோ சற்றுக் கூடுதலாகவோ, நல்ல இயந்திரங்களில் இவ்வசைவு இருக்கும். இவ்வசைவு இல்லையேல் தாளின் ஒரே வளையம் மட்டும் மரத்தில் உராய்ந்து அடைபட்டுச் சூடேறி, மரத்தைத் தீய்த்துவிடும். ரப்பர் மரம் வெளிறிய நிறமுடையது. கறுப்பு மரத்தில் மறைந்துவிடும் தீய்ப்புக்கறை இதில் நெற்றிப் பொட்டுப்போல் பளிச்சென்று தெரியும். கடையில் பார்க்கும்போது இயந்திரத்தை ஓடவிட்டுச் செவி கொடுத்துக் கேளுங்கள். ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் 'டொக்' என்று ஓசை எழுமானால், உள்ளே பல்சக்கரமோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

தண்டுகள் பல பருமன்களில் இயந்திரத்துடன் வரும். 6 மில்லிமீட்டரிலிருந்து 100 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ளவை உண்டு. செய்ய வேண்டிய வளைவுக்குள் அடங்கக்கூடியவற்றுள் மிகப் பெரியதை எடுப்பதே முறை. காரணம் எளிது. நிமிடத்திற்கு 1440 தடவை சுழலும் தண்டில், 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழலின் பரப்பு நிமிடத்தில் ஏறத்தாழ 54 மீட்டரே ஓடும். 75 மில்லிமீட்டர் குழலின் பரப்போ ஏறத்தாழ 340 மீட்டர் ஓடும். மெல்லிய தண்டு மெதுவாகவே தேய்க்கும், விரைவில் அடைபடும், அழுத்தினால் வளைந்தும் போகும். பருத்த தண்டுகளில் ரப்பர் உருளை ஒன்று மாட்டப்பட்டிருக்கும். மேலேயுள்ள மறையை முடுக்கினால் ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கித் தாள்குழலை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த ரப்பர் வெடித்திருக்கிறதா என்பதைப் பழைய இயந்திரங்களில் அவசியம் பார்க்க வேண்டும்.

தாள்குழல் எங்கே கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். அது மாதந்தோறும் செலவாகும் பொருள். சில இயந்திரங்களுக்கு அவற்றைச் செய்தவர் விற்கும் அளவு மட்டுமே பொருந்தும். அவர் விற்பதை நிறுத்திவிட்டால் இயந்திரம் காட்சிப் பொருளாகிவிடும். ரப்பர் மரத்திற்கு 80ஆம் எண் தாளில் தொடங்கி 120, 180 என முன்னேறலாம். வாளால் அறுக்கும்போதே கோட்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் விட்டு அறுக்க வேண்டும். சாண்டர் தேய்க்கும் கருவியே தவிர, வெட்டும் கருவியன்று. தாளின் அடிப்பகுதி தேய்ந்து மேற்பகுதி புதிதாக இருக்குமானால், மேசைமீது துளையிட்ட ஒரு தடித்த பலகையைப் பரப்பி, அதன்மேல் மரத்தை வைத்துத் தேய்த்தால் மேற்பகுதியும் வீணாகாது.

தூசியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ரம்பத்தூள் கண்ணுக்குத் தெரியும். கனமாகத் தரையில் விழும். சாண்டர் கிளப்பும் தூசியோ மாவினும் நுண்ணியது. காற்றில் மிதந்து மூக்கிலும் நுரையீரலிலும் புகுவது. மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்க வல்லது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995ஆம் ஆண்டில் வகைப்படுத்தியுள்ளது. மூக்கினுள் வரும் புற்றுநோயே இவ்வகையில் முதன்மையாகக் குறிப்பிடப்படுவது. ஆகையால் இயந்திரத்தின் அடியில் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள தூசிக்குழாய் வாய் இருக்கிறதா என்று பார்ப்பது, மோட்டாரைப் பார்ப்பதற்கு இணையாக முக்கியமானது. வீடு கூட்டும் சிறிய உறிஞ்சி இதற்கு ஈடுகொடுக்காது. பட்டறைக்கென்று செய்த பை கட்டிய உறிஞ்சி வேண்டும். அதற்கு மேலும், நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணிய வேண்டும்; மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வது பாதுகாப்பாகாது. குழந்தைகள் உறங்கும் வீட்டின் ஐந்தடியில் இவ்வேலையைச் செய்வோரைக் கண்டிருக்கிறோம். அது கூடவே கூடாது. பையில் சேர்ந்த தூசி எளிதில் தீப்பற்றும் என்பதால், அருகில் சுருட்டும் சிகரெட்டும் ஆகா.

விசையைப் பற்றியும் ஒரு சொல். பட்டறையில் மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது இயந்திரம் தானாகக் கிளம்பினால், மேசைமேல் கைவைத்து நிற்பவரின் கதி என்னவாகும்? காந்த விசை பொருத்திய இயந்திரத்தில் இந்த அபாயம் இல்லை. மின்சாரம் திரும்பினாலும், பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் அது ஓடும். நிறுத்தும் சிவப்புப் பொத்தான் முழங்காலாலும் தட்டக்கூடிய பெரியதாக இருத்தல் நலம். மேசைத் துளைக்கும் தண்டுக்கும் நடுவே இடைவெளி அதிகமிருந்தால் சிறு துண்டுகளும் விரல் நுனியும் உள்ளே இழுபடும். எனவே ஒவ்வொரு பருமனுக்கும் ஏற்ற வளையத் தட்டு உடன் வருகிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். மேசையைச் சாய்த்து வேலை செய்வதற்கு நீள்வட்டத் துளையுள்ள தட்டு தனியாக வேண்டும். மரத்தைத் தண்டு சுழலும் திசைக்கு எதிராகவே நகர்த்த வேண்டும். உடன் திசையில் தள்ளினால் அது கையிலிருந்து பறந்துவிடும். கையுறை, தொங்கும் சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி, கோவிலில் கையில் கட்டிய கயிறு ஆகிய எவையும் சுழலும் தண்டின் அருகே வரலாகாது. கயிற்றை அவிழ்க்க மனம் வராதவர்கள் அதை இறுகச் சுற்றிச் சட்டைக்குள் மறைத்துக்கொள்ளலாம்.

கடைக்குச் செல்லும்போது ஒரு மூலைமட்டமும், நேரான இரும்புச் சட்டம் ஒன்றும், உலர்ந்த ரப்பர் மரத் துண்டொன்றும் எடுத்துச் செல்லுங்கள். சட்டத்தை மேசைமீது குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். மூலைமட்டத்தால் தண்டு செங்குத்தாக நிற்கிறதா என்று சோதியுங்கள். ஒரு காசை மேசையில் விளிம்பின்மேல் நிறுத்திவிட்டு இயந்திரத்தை ஓட்டுங்கள். அது உடனே விழுந்து ஓடினால் அதிர்வு மிகுதி. கடைசியாக, கொண்டுசென்ற மரத்துண்டைத் தேய்த்துப் பாருங்கள். 'ஓட்டிக் காட்டுவதற்கு மின்சாரம் இல்லை' என்று விற்பவர் கூறுவாராயின், மின்சாரம் உள்ள வேறு கடையை நாடுவதே உத்தமம்.

நாம் கண்ட அந்தச் சகோதரர்கள் முழுத் தொகையையும் இழந்துவிடவில்லை. இயந்திரத்தின் மேசை, தண்டு, பல்சக்கரப் பெட்டி ஆகியவை பழுதின்றி இருந்தமையால், 50 ஹெர்ட்ஸில் ஓடும் புதிய மோட்டாரைப் பொருத்த ஏற்பாடு செய்திருந்தனர். விடைபெறும் வேளையில், இளையவர் தம்மிடமிருந்த கட்டி ரப்பர் ஒன்றை எமக்குக் காட்டினார். கிரேப் ரப்பர்தான் அது. அடைபட்ட உப்புத்தாளின்மேல், அது ஓடும்போதே அதை மெல்ல அணைத்தால், இடுக்கில் புகுந்த தூளையெல்லாம் ரப்பர் பற்றி இழுத்துவிடும். தாள் மீண்டும் கூர்மை பெறும். இதற்கென்றே கடைகளில் விற்கும் கட்டியும் இயற்கை ரப்பரால் ஆனதே. தந்தை முதன்முறை அதைப் பார்த்தபோது நெடுநேரம் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாராம். அதன்பின் தாளைத் துப்புரவு செய்யும் வேலையை வேறு எவருக்கும் அவர் விடுவதில்லை என்று கூறி, இளையவர் நகைத்தார்.