டீக்கடை பெஞ்சில் இருந்து கோட்டை வரை! பத்திரிகை அதிபர் ஆதித்தனார் கதை

வெள்ளானூர்,–

காலை 6 மணி. ஆவடி பஸ்சுக்கு நிற்கும் கூட்டம் டீக்கடையில் மொய்க்கிறது. பெஞ்சில் ஒரே ஒரு பேப்பர். நடுப்பக்கம் ஒருவர் கையில், கடைசிப்பக்கம் இன்னொருவர் கையில்!

"நான் படிச்சது மூணாங்கிளாஸ். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினது தந்தியிலதான் தம்பி" என்றார், கொத்து வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர்.

இப்படி ஏழைகளைப் படிக்க வைத்தவர் யார்?

பாரிஸ்டர்

அவர்தான் சி.பா.ஆதித்தனார். 1905-ல் திருச்செந்தூர் அருகே காயாமொழியில் பிறந்தார். லண்டனில் படித்து பாரிஸ்டர் ஆனார். சிங்கப்பூரில் வக்கீல் தொழில் நடத்தினார். ஊர் திரும்பி, 1942-ல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கினார்.

சின்னச் சின்ன வாக்கியம். கொட்டை எழுத்துத் தலைப்பு. கொலை, கொள்ளை, கோர்ட்டு செய்தி. ஜனங்கள் பேசுகிற தமிழ். 'இதெல்லாம் ஒரு பத்திரிகையா?' என்று படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால், டீக்கடையும் சலூனும் அதை விடவில்லை!

ஜெயில், சபாநாயகர், மந்திரி

பேப்பர் வளர வளர, முதலாளியின் அரசியலும் வளர்ந்தது. 1958-ல் 'நாம் தமிழர்' இயக்கம் கண்டார். தமிழ்நாடு தனிநாடாக வேண்டும் என்றார். 1960-ல், தமிழ்நாடு நீங்கலாக இந்திய வரைபடத்தை எரிக்கும் போராட்டத்தில் பெரியாரோடு சேர்ந்து கைதானார்.

1967 தேர்தலில் தி.மு.க. அணியில் நின்று ஸ்ரீவைகுண்டத்தில் ஜெயித்தார். சபாநாயகர் ஆனார். அந்த ஆண்டு ஜூலை 18-ந் தேதி, 'சென்னை ராஜ்யம்' என்ற பெயரைத் 'தமிழ்நாடு' என்று மாற்றும் தீர்மானம் சட்டசபையில் நிறைவேறியபோது, சபாநாயகர் அவர்தான். பிறகு கருணாநிதி மந்திரிசபையில் கூட்டுறவு மந்திரி. 1981-ல் காலமானார்.

எழும்பூரில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. 'நாம் தமிழர்' என்ற பெயரில் 2010-ல் சீமான் கட்சி தொடங்கினார்.

பெரியவரின் கேள்வி

எல்லாம் சரி. பேப்பர் முதலாளியே மந்திரி ஆனால், மந்திரி செய்யும் தப்பை யார் எழுதுவது?

பெரியவரிடமே கேட்டோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"படிக்கக் கத்துக்குடுத்தது அந்த மனுஷன். அதை மறக்க மாட்டேன். ஆனா ஒரு பேப்பரை மட்டும் படிச்சா ஒருத்தர் சொல்றதுதானே தெரியும்?" என்றவர், கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, நாளையில இருந்து இன்னொரு பேப்பரும் வாங்கிப் போடு!"