அயலார் கண்ணில் – 9: 98 கார்கள்

2005 நவம்பர் 17 அன்று பிரெஞ்சு தேசியக் காவல்துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நாடு முழுவதும் நிலைமை வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது என்றது அது. முந்தைய இரவில் எரிக்கப்பட்ட கார்கள்: 98.

இந்த வாரம் முழுக்க அந்த எண் என்னை விடவேயில்லை. 98 கார்கள் எரிந்த இரவு எப்படி வழக்கமான இரவாகும்? அப்படியானால் அதற்கு முந்தைய மாதங்களிலும் கிட்டத்தட்ட அதே கணக்கில் கார்கள் எரிந்துகொண்டுதான் இருந்தன என்றுதானே பொருள்! போலீசுக்கு அது தெரியும், தீயணைப்பு வீரர்களுக்குத் தெரியும், காலையில் எழுந்து வேலைக்குக் கிளம்பும்போது தன் கார் கரிக்கூடாக நிற்பதைப் பார்த்தவருக்குத் தெரியும். நியூயார்க்கிலும் மாஸ்கோவிலும் டிவி பார்த்தவர்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர்களைப் பொறுத்தவரை பிரான்ஸ் அக்டோபர் கடைசியில் திடீரெனப் பற்றிக்கொண்டு, நவம்பர் நடுவில் திடீரென அணைந்துபோன நாடு.

பாரிஸுக்குக் கிழக்கே கிளிஷி-சூ-புவாவில், போலீசுக்குப் பயந்து மின் துணைநிலையத்துக்குள் ஒளிந்த மூன்று பையன்களையும், அவர்களில் 17 வயதும் 15 வயதுமான இருவர் மின்சாரம் தாக்கி இறந்ததையும் சென்ற வாரம் எழுதினேன். அந்த மரணங்களிலிருந்துதான் நாடு முழுவதும் கலவரம் மூண்டது. ‘போலீஸ்கூட நுழைய முடியாத பகுதிகள்’ என்ற கதை எங்கே முளைத்தது என்று இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். முதலில் இந்தக் கார் கணக்கைப் பேசிவிடுகிறேன். இதைப் பேசாமல் அது புரியாது.

அந்த மூன்று வாரங்களில் காலைதோறும் ஓர் எண் வந்தது. நவம்பர் 6 இரவு உச்சம்: 1,408 வாகனங்கள், 274 ஊர்கள். எல்லாம் ஓய்ந்தபோது மொத்தக் கணக்கு 9,000-ஐத் தாண்டியிருந்தது. வெளிநாட்டுச் செய்தி அறைகளுக்கு இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். நேற்று இத்தனை, இன்று இத்தனை என்று போட்டால் தலைப்பு தயார். பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை. ஊருக்குள் போக வேண்டியதில்லை. யாரிடமும் பேச வேண்டியதில்லை.

பிரெஞ்சு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதமோ இனமோ கேட்பதில்லை. ஆகவே தெருவில் இறங்கிய பையன்களில் யார் எந்த மதம், எத்தனை பேர் என்பதற்கு எந்த அரசுக் கணக்கும் கிடையாது. எரிந்ததை எண்ண முடிந்தது, எரித்தவர்களை எண்ண முடியவில்லை. அந்த வெற்றிடத்தை அவரவர் இஷ்டப்படி நிரப்பினார்கள். அமெரிக்காவின் ஃபாக்ஸ் நியூஸ் திரையடியில் ‘முஸ்லிம் கலவரம்’ என்று எழுதியது. அதே நாள்களில் பிரான்ஸின் பெரிய முஸ்லிம் அமைப்புகளில் ஒன்று, இந்த வன்முறையில் சேர்வது மார்க்கத்துக்கு விரோதம் என்று ஃபத்வா கொடுத்திருந்தது. உள்நாட்டு உளவுத்துறையோ நவம்பர் கடைசியில் எழுதிய அறிக்கையில், இதை யாரும் திட்டமிட்டு நடத்தவில்லை, மதவாதிகளின் கை இதில் இல்லை, இது புறநகர் மக்களின் எழுச்சி என்றது. டிசம்பரில் அந்த அறிக்கை பிரெஞ்சுப் பத்திரிகையில் வெளியானபோது வெளிநாட்டுக் கேமராக்கள் எப்போதோ மூட்டை கட்டியிருந்தன.

கார் கணக்கின் கதை இன்னும் இருக்கிறது. எண் டிவியில் வரத் தொடங்கியதும் எந்த ஊரில் அதிகம் என்று பையன்கள் பார்க்கத் தொடங்கினார்கள். பக்கத்து ஊர்ப் பெயர் செய்தியில் வந்தால் நம் ஊர்ப் பெயரும் வர வேண்டாமா? இந்தப் போட்டியைப் புரிந்துகொண்ட அரசுத் தொலைக்காட்சி ஃபிரான்ஸ் 3, எரிந்த கார்களின் எண்ணிக்கையைச் சொல்வதை நடுவிலேயே நிறுத்திவிட்டது. எல்சிஐ செய்திச் சேனலின் தலைவர் ஜான்-குளோத் தஸ்ஸியே, எரியும் கார்களை அதிகம் காட்டினால் தீவிர வலதுசாரிகளுக்கு ஓட்டு சேரும் என்பதால் குறைத்துக் காட்டினோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் செய்தது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. நடந்ததைக் காட்டுவதும் அதன் காரணத்தை விளக்குவதும்தான் செய்திச் சேனலின் வேலை. ஓட்டுக்கணக்கு பார்ப்பது அதன் வேலையில்லை. ஃபிரான்ஸ் 3 செய்ததில் மட்டும் நியாயம் இருக்கிறது. எண் தானே எரிபொருளாகும்போது அதை நிறுத்தலாம்.

ஸ்ட்ராஸ்பூர் நகரில் 1990-களிலிருந்தே புத்தாண்டு இரவென்றால் கார் எரிப்பு உண்டு. மெல்ல மெல்ல அது தேசியக் கணக்காகி, ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் உள்துறை அமைச்சர் எண்ணை அறிவிப்பது சடங்காகிவிட்டது. 2010 முடிந்து 2011 பிறந்தபோது அமைச்சர் ஒர்த்ஃபே, ஊர்களுக்குள் போட்டி வளர்கிறது என்று சொல்லி எண்ணை வெளியிட மறுத்தார். ஆட்சி மாறியது. புதிய ஆட்சியின் உள்துறை அமைச்சர் மானுவெல் வால்ஸ், மக்களுக்கு உண்மை தெரிய வேண்டும் என்று 2013 ஜனவரி 1 அன்று மறுபடி அறிவித்தார்: 1,193. மறுநாள் உலகப் பத்திரிகைகளில் அந்த எண் மட்டும் ஓடியது. அது எத்தனை ஆண்டுப் பழக்கம், கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பதைத் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது.

2005-க்கே திரும்புகிறேன். அப்போது சிஎன்என் காட்டிய ஒரு வரைபடத்தில் துலூஸ் நகரம் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பல நாள் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிய குறை கிளிஷிக்கும் பாரிஸுக்கும் இடையிலுள்ள தூரத்தை யாரும் சொல்லாமல் விட்டதுதான். வரைபடத்தில் அது சுமார் 15 கிலோமீட்டர். ஆனால் அந்த ஊருக்கு அப்போது ரயில் நிலையம் கிடையாது. பஸ் பிடித்து, பக்கத்து ஊருக்குப் போய், ரயில் மாறி, பாரிஸில் வேலைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. காவல் நிலையமும் அப்போது அங்கே இல்லை, 2010-ல்தான் வந்தது. டிராம் வந்தது 2019 டிசம்பரில், அதாவது அந்தப் பையன்கள் இறந்து 14 ஆண்டுகள் கழித்து. ‘பாரிஸ் எரிகிறது’ என்று தலைப்புப் போட்டவர்கள், எரிந்த ஊரிலிருந்து பாரிஸுக்குப் போவது எவ்வளவு கஷ்டம் என்பதை எழுதியிருந்தால் பாதிக் காரணத்தை எழுதியதாக இருந்திருக்கும்.

ஏன் எழுதவில்லை? அவர்கள் பிரான்ஸைப் பார்க்க வந்தார்களா, தம் நாட்டு வாதத்துக்குச் சாட்சி தேட வந்தார்களா என்பதே கேள்வி. அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸைப் புரட்டிப்போட்டபோது, கூரைமேல் தவித்த கறுப்பின ஏழைகளைக் காட்டி அமெரிக்க சமூகத்தின் தோல்வி இது என்று பிரெஞ்சு ஊடகங்கள் எழுதின. இரண்டே மாதத்தில் அமெரிக்க ஊடகங்கள் பிரெஞ்சு சமத்துவத்தின் தோல்வியை எழுதின. நவம்பர் கடைசியில் பிரெஞ்சுப் பிரதமர் தொமினிக் த வில்பன் சிஎன்என்னுக்குப் பேட்டி கொடுத்தபோது, 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த 1992 லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தை நினைவூட்டினார். ஜூலையில் லண்டனில் குண்டு வெடித்தபோது, குடியேறியவர்களை அவரவர் வழியில் விட்டதன் பலன் என்று பிரிட்டனுக்குப் பாரிஸிலிருந்து பாடம் சொன்னார்கள். நவம்பரில் அந்தப் பாடத்தை லண்டன் திருப்பிச் சொன்னது. இத்தனைக்கும் கிளிஷி மரணங்களுக்கு ஐந்தே நாள் முன்னால், அக்டோபர் 22 அன்று, பர்மிங்காமின் லோசெல்ஸ் பகுதியில் ஆதாரமற்ற ஒரு வதந்தியால் கறுப்பினத்தவருக்கும் தெற்காசியருக்கும் மோதல் மூண்டு இரண்டு உயிர்கள் போயிருந்தன. அது தேசக் கொள்கையின் தோல்வியாகப் பேசப்படவில்லை. சொந்த ஊரில் நடந்தால் சம்பவம், அடுத்த நாட்டில் நடந்தால் தத்துவத்தின் வீழ்ச்சி.

இந்தக் கூட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சொல்லும்போது எனக்கு மனம் நிறைகிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து வந்துகொண்டிருந்த ‘லெப்தோ’ என்ற வார இதழ் அது. நம் பத்திரிகை மாதிரி வாரம் ஒருமுறை அச்சுக்கு ஓடும் பத்திரிகை. அதன் செய்தியாளர் செர்ஜ் மிஷெல் ஒரு யோசனை சொன்னார்: ஈராக்குக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நிருபரை அனுப்பி மாதக்கணக்கில் தங்க வைக்கிறோமே, பாரிஸ் புறநகரில் ஏன் தங்கக்கூடாது? கிளிஷிக்கு அருகிலுள்ள பொண்டி என்ற ஊரில் சின்ன இடம் ஒன்றைப் பிடித்தார்கள். செய்தியாளர்கள் முறைவைத்து மாறி மாறி வந்து அங்கேயே தங்கினார்கள். நவம்பரில் தொடங்கி சுமார் மூன்று மாதம்! மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகுதான் இவர்களுக்கு வேலையே தொடங்கியது. கார் எரியாத நாள்களை அன்றாடம் இணையத்தில் எழுதினார்கள். கிளம்பும்போது அந்தப் பக்கத்தை மூடிவிடாமல், பொண்டி இளைஞர்களை லோசானுக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுத்து, பொறுப்பையே அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ‘பொண்டி பிளாக்’ என்ற அந்தப் பெயரிலேயே அது தொடர்ந்தது. 2009-ல் லீல் நகரின் இதழியல் கல்லூரியோடு சேர்ந்து, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளை நுழைவுத் தேர்வுக்குத் தயார்செய்யும் வகுப்பும் தொடங்கினார்கள். செலவு தாங்காமல் தாய்ப் பத்திரிகை 2017 பிப்ரவரியில் நின்றுபோனது. பிள்ளை அதற்குப் பிறகும் நடந்தது.

இதே பொண்டியில் அந்த நவம்பரில் ஏழு வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவன் பந்து உதைத்துக்கொண்டிருந்தான்: கிலியன் எம்பாப்பே. 2018-ல் உலகக்கோப்பையோடு அவன் திரும்பியபோது அதே புறநகரைத் தேடி வெளிநாட்டுக் கேமராக்கள் மறுபடி வந்தன. நெருப்புக்கு வந்தார்கள், கோப்பைக்கு வந்தார்கள். இடையில் 13 ஆண்டுகள்.

இந்தப் புறநகர்களில் நம்மவர்களும் வாழ்கிறார்கள். நிக்கோலா சார்கோசி உள்துறை அமைச்சராக 2005 ஜூனில், தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவிவிடுவேன் என்று பேசிய லா கூர்நேவில் ஈழத்தமிழர் குடும்பங்கள் நிறைய. 2015-ல் கான் விழாவில் தங்கப்பனை விருது வென்ற ‘தீபன்’ படத்தில் ஷோபாசக்தி நடித்த அகதி, அப்படியொரு குடியிருப்பில்தான் காவலாளி வேலை பார்க்கிறான். நான் மதிக்கும் படம் அது. ஆனாலும் அங்கே துப்பாக்கியும் போதைக் கும்பலும் நிறைந்திருக்கிற அளவுக்கு, காலை ஐந்து மணிக்குப் பாரிஸ் உணவகங்களுக்குக் கிளம்பும் தமிழர்களுக்கு இடமில்லை.

மின் துணைநிலைய மரணங்களுக்காக இரண்டு போலீஸ்காரர்கள் மீது நடந்த வழக்கில் தீர்ப்பு வரப் பத்தாண்டு ஆனது. 2015 மே மாதம் ரென் நகர நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. 2005-ல் இரவுபகலாக நேரலை செய்த நாடுகளில் அது சின்னச் செய்தியாகக் கடந்துபோனது.

அதே 2015 ஜனவரியில் ஃபாக்ஸ் நியூஸ் ‘நுழைய முடியாத பகுதிகள்’ பற்றிச் சொன்னதற்காகத் திரையில் மன்னிப்புக் கேட்டது. பாரிஸ் மேயர் ஆன் இதால்கோ வழக்குப் போடுவேன் என்றார். அந்தக் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது, பிரெஞ்சு அரசே 1996-ல் தயாரித்த 751 இடங்களின் பட்டியல். வரிச்சலுகை கொடுத்து வேலைவாய்ப்பை வளர்க்கப் போட்ட பட்டியல் அது. அது எப்படிப் பயமுறுத்தும் பட்டியலாக மாறியது, மாற்றியவர்களில் ஒருவரே நேரில் போய்ப் பார்த்துவிட்டு ஏன் தன் பேச்சைத் திரும்பப் பெற்றார் என்பதை அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன்.

(தொடரும்)