உருளும் பந்து – 9: ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு சண்டை

கல்லிடைக்குறிச்சியில் எங்களுக்குப் பந்து விளையாட இரண்டு இடங்கள் இருந்தன. கோடையில் தாமிரபரணி ஒதுங்கிக் கொடுக்கும் மணல் ஒன்று. அறுப்பு முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயல் மற்றொன்று. இரண்டும் இரவல்தான். அணையில் தண்ணீர் திறந்தாலோ, உழவு தொடங்கினாலோ மைதானம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பெரியவர்களும் இறங்குவார்கள். விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்த என் பெரியப்பாதான் எங்கள் அணிக்குக் கோலி. ஆறு நாள் பஞ்சுத் தூசிக்குள் நின்ற மனிதர், ஏழாம் நாள் மணலில் விழுந்து புரண்டு பந்தைப் பிடிப்பார். அந்த ஏழாம் நாளை யாரோ சண்டை போட்டு வாங்கித் தந்திருக்கிறார்கள் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது.

அந்த மில்லைக் கட்டிய ஹார்வி கம்பெனிக்குத் தூத்துக்குடியிலும் ஓர் ஆலை உண்டு: கோரல் மில். 1908 பிப்ரவரி 27 அன்று அங்கே தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். முன்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். கூலியைக் கூட்ட வேண்டும் என்ற கோரிக்கையோடு சேர்த்து அவர்கள் கேட்டது, வாரத்துக்கு ஒரு நாள் லீவு. பட்டினி கிடக்கும் குடும்பங்களுக்காக வ.உ.சி. ஊரெல்லாம் பணம் திரட்டினார். வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் பேசியவர்களுக்குச் சவரம் செய்யமாட்டோம் என்று சவரத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். மார்ச் முதல் வாரம் முடிந்த கையோடு நிர்வாகம் இறங்கிவந்து, கூலி உயர்வுக்கும் வார விடுமுறைக்கும் சம்மதித்தது.

அடுத்த சில நாள்களில், மார்ச் 12 அன்று, தலைவர்கள் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது; துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. அதே மாதம் திலகருக்கு ஆறாண்டு சிறை. அதைக் கண்டித்துப் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆண்டுக்கு ஒரு நாளாக ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தூரத்திலிருந்து லெனின் அதைக் கவனித்து எழுதினார். எங்கள் ஊர்ப் பள்ளிக்குத் திலகர் பெயர். அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ஆலைத் தொழிலாளர்களும் நினைவுக்கு வருகிறார்கள். சுதேசிக் கப்பல் விட்டவர்தான் வார லீவுக்காகவும் மில் வாசலில் நின்றார். நாட்டுப்பற்று வேறு, கூலிப் போராட்டம் வேறு என்று அவர் பிரித்ததே இல்லை.

இதையெல்லாம் கால்பந்துத் தொடரில் ஏன் எழுதுகிறேன்? கால்பந்தே லீவில் பிறந்ததுதான். இங்கிலாந்தில் 1850-இல் வந்த ஆலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களுக்கும் இளம் வயதினருக்கும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியோடு வேலையை முடித்துவைத்தது. அவர்கள் இல்லாமல் தறி ஓடாது. ஆண்களுக்கும் மெல்ல மெல்ல அந்த அரை நாள் கிடைத்தது. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும் வழக்கத்தின் வேர் அதுதான். 1883-இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற லங்காஷயர் அணி, பிரபு வீட்டுப் பிள்ளைகள் படித்த ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை 2-1 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. அந்த அணியில் நெசவாளிகள் இருந்தார்கள். என் பெரியப்பா சுவாசித்த அதே பஞ்சுத் தூசிதான் அவர்கள் நெஞ்சிலும் இருந்திருக்கும்.

அங்கேயும் ஞாயிறு லேசில் கிடைக்கவில்லை. ஓய்வுநாளில் விளையாடுவதை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஏற்கவில்லை. 1923-இல் உருவாகிப் பின்னர் கம்யூனிஸ்டுகள் கைக்கு வந்த பிரிட்டிஷ் தொழிலாளர் விளையாட்டுக் கூட்டமைப்பு, லண்டன் பூங்காக்களில் ஞாயிறு ஆட்டத்துக்கு அனுமதி கேட்டுப் போராடியது. 1932 ஏப்ரல் 24 அன்று, ஜமீன்தார்கள் வேட்டைக்காக அடைத்துவைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மலைக்குள் தொழிலாளர்களை நடத்திச் சென்றதும் இதே அமைப்புதான். அந்த மலைநடைக்குப் பிறகு ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். இங்கிலாந்தை நேசித்தவர்கள், அதன் புல்லிலும் மலையிலும் தங்களுக்குப் பங்கு கேட்டார்கள். இதைவிடச் சுத்தமான தேசபக்தி எனக்குத் தெரியவில்லை.

மறுபடி 1908. வ.உ.சி. சிறைக்குள் இருந்த அந்த ஆண்டின் இறுதியில், கிழக்கு லண்டனின் கிளாப்டன் அணியில் வால்டர் டல் என்ற இருபது வயது இளைஞன் சேர்ந்தான். அப்பா பார்படாஸ் தீவிலிருந்து வந்த தச்சர். தாத்தா அடிமையாக இருந்தவர். பெற்றோரை இழந்து அநாதை இல்லத்தில் வளர்ந்த பிள்ளை. கிளாப்டனுக்கு ஆடி, டாட்டன்ஹாமுக்குப் போய், மைதானத்தில் நிறத்தைச் சொல்லி ஏசப்பட்டு, பிறகு பட்டாளத்தில் சேர்ந்தார். கறுப்பருக்கு அதிகாரிப் பதவி கூடாது என்ற விதியையும் மீறி அதிகாரி ஆனார். 1918 மார்ச் 25 அன்று பிரான்சில் இங்கிலாந்துக்காக உயிரை விட்டார். உடல்கூடக் கிடைக்கவில்லை. 2021 ஜூலையில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் பெனால்டி தவறவிட்ட மூன்று கறுப்பு இளைஞர்களைப் பார்த்து ‘நீ இங்கிலாந்துக்காரனே இல்லை’ என்று வசைபாடியவர்கள், டல்லின் கதையைப் படித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கிளாப்டன் ஆடிய மைதானத்தின் பெயர் ஓல்டு ஸ்பாட்டட் டாக். 1888 முதல் பந்து உருண்ட இடம். பழைய கிளப்பின் நிர்வாகத்தோடு முரண்பட்ட ரசிகர்கள் வெளியே வந்து, 2018-இல் தாங்களே ஒரு கிளப் தொடங்கினார்கள். ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. பாசிச எதிர்ப்பும் அகதிகளுக்கு வரவேற்பும் அவர்கள் மறைத்துவைக்காத கொள்கைகள். வெளியூர் ஆட்டங்களுக்கான சட்டைக்கு ஸ்பானியக் குடியரசின் சிவப்பு, மஞ்சள், ஊதா நிறங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஃபிராங்கோவை எதிர்த்துப் போராட ஸ்பெயினுக்குப் போன சர்வதேசப் படையினரின் நினைவாக, கழுத்துக்குப் பின்னால் ‘நோ பாசரான்’, அதாவது அவர்களைக் கடந்துவர விடமாட்டோம் என்று பொறித்தார்கள். ஸ்பெயினிலிருந்தே ஆயிரக்கணக்கில் ஆர்டர் வந்து குவிந்தது, சில நூறு பேர் பார்க்க வரும் ஓர் அணிக்கு! 2020-இல் அந்தப் பழைய மைதானத்தையே விலைக்கு வாங்கிவிட்டார்கள்.

மைதானம் இருப்பது நியூஹாம் பகுதியில். நம் ஆள்கள் மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்திருக்கும் ஈஸ்ட் ஹாம் அதற்குப் பக்கம்தான். மேனர் பார்க் முருகன் கோயிலும் தூரமில்லை. கொஞ்சம் தள்ளி இல்ஃபோர்டில்தான் 1948 ஜூலை 31 அன்று, ஒலிம்பிக் ஆட்டத்தில், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய சுதந்திர இந்தியா பிரான்சிடம் 2-1 என்று தோற்றது. இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன்.

என் தங்கை மகன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது பின்னால் ஒரே சத்தம். எங்கே இருக்கிறாய் என்றேன். மைதானத்தில் என்றான்.

“அது யாருக்குச் சொந்தம் மாப்ள, இப்போ?”

“பாக்க வாரவங்களுக்குத்தான் மாமா. நானும் மெம்பராயிட்டேன். எனக்கும் ஒரு ஓட்டு இருக்கு.”

அதற்குள் கோல் விழுந்துவிட்டது போல. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.