பிசிறு எடுக்கும் கைகள்

ரெம்பியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு எப்போது போனாலும், இரவு ஷிப்டு முடிந்து வரும் அக்கா மகள் முதலில் செய்வது, கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்திருப்பதுதான்.

"மைக்ராஸ்கோப்புலயே பார்த்துக்கிட்டிருந்தா கண்ணு எரியாதா மாமா?" என்பாள்.

"அப்படி என்னம்மா வேலை?"

"பிளாஸ்டிக்குல பிசிறு எடுக்கிறேன்."

"இதுக்கா பன்னிரண்டு மணி நேரம்?" என்று என் அம்மா சிரிப்பார். அம்மா முப்பது வருடம் தீம்பாரில் பால்மரம் வெட்டியவர்.

எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. விசாரித்த பிறகு வரவில்லை.

அவள் வேலை செய்யும் சிறு பட்டறையில், கெட்டியான பிளாஸ்டிக் கட்டைகளைச் சிஎன்சி இயந்திரத்தில் கடைந்து உதிரிப் பாகங்கள் செய்கிறார்கள். வாளியும் நாற்காலியும் செய்கிற பிளாஸ்டிக் என்று நினைத்துவிடாதீர்கள். 1978இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் உருவான 'பீக்' என்ற வகை 343 டிகிரி செல்சியசில்தான் உருகும். விலையும் நைலானைவிடப் பல மடங்கு. மருத்துவக் கருவி, விமானம், சில்லு பரிசோதனை என்று இரும்பும் அலுமினியமும் சரிப்படாத இடங்களுக்கு இது போகிறது.

சில்லு என்றதும் மலாக்காக்காரர்களுக்குப் பத்து பெரண்டாம் ஞாபகம் வரும். இன்றைய இன்ஃபினியனின் மலேசியக் கதை 1973இல் தொடங்கியது. எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போன இடம் அது. சில்லு செய்து முடித்ததும் அதை ஒரு 'சாக்கெட்'டில் வைத்துச் சோதிப்பார்கள். அந்தச் சாக்கெட்டின் உடல் பல நேரங்களில் இத்தகைய பிளாஸ்டிக்தான். அதில் தலைமுடியைவிடச் சற்றே பெரிய துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஸ்பிரிங் வைத்த ஊசி ஒன்று ஏறி இறங்க வேண்டும். துளை வாயில் ஒரு பிசிறு நின்றால் ஊசி சிக்கிக்கொள்ளும். நல்ல சில்லையே கெட்டது என்று இயந்திரம் ஒதுக்கிவிடும்.

பிசிறு ஏன் வருகிறது? கத்தி வெட்டிக்கொண்டே விளிம்புக்கு வரும்போது, கடைசித் துளிப் பொருளுக்குப் பின்னால் தாங்க எதுவும் இருப்பதில்லை. அது வெட்டுப்படாமல் வளைந்து வெளியே தொங்கிவிடுகிறது. இரும்பிலும் இது உண்டு, ஆனால் அரத்தால் தேய்த்தால் போய்விடும். பிளாஸ்டிக்கில் அரம் வைத்தால் பிசிறு மறுபக்கம் மடிந்து படுத்துக்கொள்ளும். உப்புத்தாள் போட்டால் அதன் மணல் பொருளுக்குள்ளேயே புதைந்துவிடும். போதாததற்கு, பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது. கத்தி மழுங்கினால் சூடெல்லாம் விளிம்பிலேயே தங்கி, பொருள் இளகி இழுபடும்.

அதனால் கடைசியில் கைதான். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்து, ஆபரேஷன் கத்தியால் ஒவ்வொரு விளிம்பாகச் சீவ வேண்டும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் விளிம்பே போய்விடும், அளவு தப்பிவிடும். முடித்ததும் பஞ்சால் ஒரு தடவு தடவுவாள். நார் மாட்டினால் இன்னும் பிசிறு இருக்கிறது.

இதைக் கேட்டதும் அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. பால்வெட்டிலும் அதே கணக்குத்தானே? மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும், ஆழமாகப் போனால் மரத்தில் காயம். "மரத்துல காயம் பட்டா கிராணி சும்மா விடமாட்டாரு" என்றார். பேத்தி, "எங்க சூப்பர்வைசரும்தான் பாட்டி" என்றாள்.

போன வருடம் நடந்தது இது. வாடிக்கையாளர் ஒரு தொகுதியை முழுவதும் திருப்பி அனுப்பிவிட்டார். துளைக்குள் பிசிறாம். பிசிறு எடுக்கும் பெண்கள் ஐந்து பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் தயாரானது. இவள் ஒரு காரியம் செய்தாள். அந்தத் தொகுதியின் பாகங்களை வெட்டிய வரிசைப்படி அடுக்கி, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதல் பாகங்களில் பிசிறு மெல்லியது. போகப்போகத் தடித்துக்கொண்டே வந்தது. துரப்பண ஊசி மழுங்கிய பிறகும் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். கடிதம் நின்றது. இப்போது இத்தனை துளைக்கு ஒரு ஊசி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். துளை வெளியேறும் பக்கத்தில் ஒரு பலகையும் கொடுக்கிறார்கள். பாதி வேலை குறைந்துவிட்டதாம்.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். பிசிறு பிறப்பது இயந்திரத்தில்; பழி விழுவது வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருப்பவர் மேல்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. திரவ நைட்ரஜனால் பாகங்களைக் கடும் குளிரில் உறைய வைத்து, சிறு மணிகளை வீசியடிக்கும் இயந்திரம் உண்டு. நைட்ரஜன் திரவமாக இருப்பது மைனஸ் 196 டிகிரியில். மெல்லிய பிசிறு முதலில் விறைத்து நொறுங்கிவிடும். தடித்த உடல் தப்பிக்கும். ஆனால் பிசிறு மெல்லியதாக இருந்தால்தான் இது பலிக்கும். டெஃப்லான் அந்தக் குளிரிலும் லேசில் நொறுங்காது. சிறு பட்டறை வாங்கும் விலையும் இல்லை. ஆகவே இந்தக் கைகளுக்கு இன்னும் கொஞ்ச காலம் வேலை இருக்கிறது.

வேலை இருந்தாலும் சான்றிதழ் இல்லையே என்பதுதான் அக்காவின் கவலை. பத்து வருடம் செய்தாலும் 'ஆபரேட்டர்' என்றே சம்பளச் சீட்டில் வரும். திறன் மேம்பாட்டு இலாகாவில் 'பிபிடி' என்றொரு வழி இருக்கிறது. அனுபவத்தை ஆதாரங்களோடு காட்டினால், வகுப்புக்குப் போகாமலேயே மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்கேஎம், பெறலாம். எஸ்பிஎம் முடித்த தம்பி தங்கைகள் என்றால், பக்கத்தில் தாபோ நானிங்கில் அட்டெக் இருக்கிறது. இயந்திரத்தின் பக்கம் நின்று தொடங்கலாம்.

அக்கா மகள் பாரத்தை எடுத்து வந்துவிட்டாள். செய்த பாகங்களின் படம் ஆதாரத்துக்கு வேண்டும், ஆனால் வாடிக்கையாளரின் பொருளைப் படமெடுக்கக் கூடாது என்கிறது பட்டறை. கழித்துப் போட்ட துண்டுகளில் துளை போட்டு, பிசிறு எடுத்துப் படம் பிடித்துக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை நான் கிளம்பும்போது அம்மா அந்தத் துண்டுகளில் ஒன்றைக் கையில் வைத்து, நகத்தால் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.