வரட்சியில் நஞ்சேறும் மரவள்ளி

மரவள்ளிக்கிழங்கை அவித்து இடிச்ச சம்பலுடன் சாப்பிடாதவர்கள் எம்மவரில் மிகக் குறைவு. மெல்பேர்ணிலும் சிட்னியிலும் ஆசியக் கடைகளில் இக்கிழங்கு உறைய வைத்த பைகளில் கிடைக்கின்றது. மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கக் கூடாது என்று எமது தாய்மார் சொல்வதுண்டு. ஆனால் நஞ்சு இஞ்சியில் இல்லை, கிழங்கிலேயே இருக்கின்றது.

லினமரின் என்ற பொருள் மரவள்ளியின் கலங்களுக்குள் ஒரு புறமும், அதை உடைக்கும் நொதியம் கலச்சுவரில் மறுபுறமுமாக இருக்கும். வெட்டும்போதும் கடிக்கும்போதும் இரண்டும் கலந்து ஐதரசன் சயனைட்டு என்ற கொடிய நஞ்சு உண்டாகின்றது. பூச்சி, எலி முதலியவற்றிடமிருந்து செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி இது.

மழை பொய்த்தால் நெல் கருகும். மரவள்ளியோ இலைகளை உதிர்த்துத் தாக்குப் பிடிக்கும். ஆனால் அப்போது நஞ்சின் அளவும் கூடிவிடும். 1981இல் மொசாம்பிக் நாட்டின் நம்புலாப் பகுதியில் கடும் வரட்சி ஏற்பட்டது. வேறு உணவின்றி, சரியாகப் பதப்படுத்தாத மரவள்ளியையே உண்ட 1000இற்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் விறைத்து முடங்கின. பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். கொன்சோ எனப்படும் இந்நோய்க்கு மாற்று மருந்து இல்லை.

இது பற்றி ஆராய்வோர் எமக்கு அருகிலேயே இருக்கின்றனர். மெல்பேர்ண் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் ரொஸ் கிளீடோ என்ற பெண் விஞ்ஞானியும் அவரது குழுவினரும் வரட்சி மரவள்ளியை எவ்வாறு பாதிக்கின்றது என ஆராய்ந்தனர். கன்பராவில் அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹவார்ட் பிராட்பரி எளிய வழியொன்றைக் கண்டார். மரவள்ளி மாவை நீரில் குழைத்து மெல்லிதாகப் பரப்பி, வெயிலில் 2 மணி அல்லது நிழலில் 5 மணி நேரம் விட்டால் நஞ்சு ஆவியாகிப் போய்விடும்.

மூலக்கூற்று உயிரியல் இன்னொரு வழியைக் காட்டுகின்றது. லினமரினை ஆக்கத் தொடங்குபவை இரண்டு பரம்பரை அலகுகள். 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அவ்விரண்டையும் செயலிழக்கச் செய்து, நஞ்சு மிகக் குறைந்த செடிகளை உருவாக்கியதாக வெளியிட்டனர். ஆனால் ஒரு கேள்வி எழுகின்றது. நஞ்சு போனால் காவலும் போய்விடாதா? லினமரின் செடிக்குத் தேவையான நைதரசனின் சேமிப்பாகவும் உதவுகின்றது எனக் கருதப்படுகின்றது. ஆகவே இலையில் நஞ்சை விட்டுவைத்துக் கிழங்கில் மட்டும் குறைப்பதே நல்லதெனச் சிலர் சொல்கின்றனர். வரட்சியையும் தாங்கி, உண்பவரையும் வருத்தாத கிழங்கு கிடைத்தால் பசியோடு வாழும் கோடிக்கணக்கானோருக்கு அது பெரும் பேறாகும்.

அதுவரை எமது கையில் இருப்பது அடுப்புத்தான். அவுஸ்திரேலியாவில் நஞ்சு குறைந்த இன மரவள்ளியை மட்டுமே விற்கலாம். தோல் நீக்கி முற்றாகச் சமைக்க வேண்டுமென்பதே இங்குள்ள விதி. வேலையால் களைத்து வந்து அவசரமாகச் சமைப்பவர்களும் இவற்றை விட்டுவிடக் கூடாது:

தோலை முற்றாக உரிக்கவும். சிறு துண்டுகளாக வெட்டவும். நிறைய நீர் விட்டு, மூடாமல் நன்றாக அவிக்கவும். அவித்த நீரை ஊற்றிவிடவும். பச்சையாக ஒரு துண்டேனும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். மீன், முட்டை, பருப்பு ஏதாவது ஒன்றைச் சேர்த்துச் சாப்பிடவும். சயனைட்டை உடல் வெளியேற்றுவதற்குப் புரதம் தேவை.